பாலனை அவசரமாக வைக்காதீர்கள்

கணக்கோ அறிவியலோ நடத்த வந்தவர்களிடம், "நீங்க கத்தோலிக்கர்தானே, மறைக்கல்வியையும் சேர்த்துப் பாத்துக்கோங்க டீச்சர்" என்று ஹெச்.எம். சிஸ்டர் சொல்லிவிட்டுப் போவது நம் பள்ளிகளில் வழக்கம். அப்படிப் புத்தகம் கைக்கு வந்து, டிசம்பரை நினைத்துக் கொஞ்சம் முழித்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். குமரிக் கடலோரத்துப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இறையியல் படித்தவள் இல்லை. வகுப்பில் எது எடுபடும், எது எடுபடாது என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருவருகைக் காலம் டிசம்பர் முதல் தேதி தொடங்குவதில்லை. புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறுதான் தொடக்கம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எங்காவது விழும். 2025-இல் நவம்பர் 30, 2026-இல் நவம்பர் 29. ஆகவே ஒரு வருடம் 28 நாள் கிடைக்கும், ஒரு வருடம் 22 நாள்தான். திருவழிபாட்டு ஆண்டும் அந்த ஞாயிற்றில்தான் பிறக்கிறது. "கோவிலுக்கு இன்னைக்குப் புத்தாண்டு" என்று ஆரம்பித்துப் பாருங்கள், பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இதன் மேல் நம்முடைய பள்ளிக் காலண்டரைப் போடுங்கள். டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள், குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அப்புறம் அரையாண்டுத் தேர்வு. தேர்வு முடிந்த கையோடு விழா, மறுநாள் லீவு. மறைக்கல்விக்கென்று உங்கள் கையில் மிஞ்சுவது நாலைந்து பீரியட்தான். அதில் எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்காதீர்கள்.

சவேரியாரை விட்டுவிடவும் வேண்டாம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், மன்றாட்டுகளைத் தமிழில் எழுதிவாங்கித் தானும் மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நீங்கள் எடுக்கும் வகுப்புக்கு இந்தக் கடற்கரையில் அவர்தான் முதல் வாத்தியார்.

2. பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா டிசம்பர் 20, 22 வாக்கில் நடக்கும். அப்போது திருவருகைக் காலம் இன்னும் முடிந்திருக்காது. விழா நடத்தவே கூடாது என்று சொல்லும் பங்குத்தந்தையரும் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. பாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நடப்பதுதான் கிறிஸ்துமஸ், வீட்டில் இல்லை. விழா நடக்கட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பள்ளிக் குடிலில் தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் கையில் பாலன் சுரூபத்தைக் கொடுத்து, போட்டோ எடுத்து, 22-ஆம் தேதியே படுக்கவைத்துவிட்டால் நீங்கள் ஒரு மாதம் நடத்திய பாடம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் கிறிஸ்துமஸ் இரவில் குடில் அமைத்தபோது கேட்டு வாங்கியவை வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தத் தீவனத் தொட்டியின் மேல்தான் திருப்பலி நடந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டதும் அதே கிரேச்சோவில்தான். அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இதைப் பெரிய வகுப்புகளில் சொல்லுங்கள். சின்னவர்களுக்குக் காலித் தொட்டியே போதும். "ஏன் டீச்சர் பாப்பாவைக் காணோம்?" என்று எல்.கே.ஜி. பிள்ளை கேட்டால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது.

3. காத்திருப்பைச் சொல்லிக்கொடுங்கள். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கபிரியேல் தூதரையும் பெத்லகேமையும் எடுத்துவிடுகிறார்கள். திருப்பலி வாசகங்களைக் கவனியுங்கள். டிசம்பர் 16 வரை அவை பெரும்பாலும் ஆண்டவர் மீண்டும் வருவதையும், விழித்திருப்பதையும், எசாயாவின் எதிர்பார்ப்பையும், திருமுழுக்கு யோவானையும் பேசும். 17-ஆம் தேதி முதல்தான் பிறப்பை நோக்கி நேராகத் திரும்பும். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடாமல் விடுவதையும் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேளுங்கள். லூக்கா நற்செய்தியில் வானதூதர்கள் கடவுளைப் புகழ்ந்து பாடுவது பிறப்பின் இரவில். அதுவரை நாமும் பொறுத்திருக்கிறோம்.

கடலோரப் பிள்ளைகளுக்குக் காத்திருப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் போனால் வரப் பல வாரம் ஆகும். அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடமாடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

2017-இல் ஒக்கி புயல் அடித்தது நவம்பர் 30. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்து ஊர் முழுக்கக் கரையில் நின்றது. பள்ளி திறந்தபின் நாலாம் வகுப்பில், யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு படம் வரையச் சொன்னேன். புயலுக்கு முன்பே போட்டுவைத்திருந்த பாடம் அது, அதை மாற்ற மனம் வரவில்லை. இயேசு பாலன், ஊருக்கு வரும் சித்தி, புது சைக்கிள் என்று படங்கள் வந்தன. ஒரு பையன் விசைப்படகு வரைந்திருந்தான். படகில் ஆள் யாரும் இல்லை. பக்கவாட்டில் பதிவு எண் மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது. "அப்பா எப்ப வருவாவ டீச்சர்?" என்று கேட்டான்.

இப்படி ஒரு கேள்வி எந்த வருடமும், எந்த ஊரிலும் வரலாம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மா, வளைகுடாவிலிருந்து வராத அப்பா, பிரிந்துபோன பெற்றோர். கண்டிப்பாக வருவார் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. விண்ணகத்தில் இருக்கிறார் என்று நீங்களாக முடித்தும் வைக்காதீர்கள். நான் அந்தப் படத்தை மற்றப் படங்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டி, திருவருகைக்கால வளையத்தில் அன்றைய மெழுகுதிரியை ஏற்ற அவனைக் கூப்பிட்டேன். வகுப்பு அவனுக்காக ஓர் 'அருள்நிறை மரியே' சொன்னது. அதற்கு மேல் அங்கே ஆசிரியருக்கு வேலை இல்லை. பாடத்தை நடத்த வேண்டும் என்ற பதற்றத்தில் பேசிக்கொண்டே போகாமல் இருந்தால் போதும்.

4. திருவருகைக்கால வளையத்தை விலைகொடுத்து வாங்காதீர்கள். பிரம்போ பழைய சைக்கிள் டயரோ இருந்தால் போதும், சவுக்கு இலையைச் சுற்றலாம். மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு ரோஸ். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு, அன்றுதான் ரோஸ். அன்று சாமியார் போடும் உடுப்பின் நிறத்தைப் பார்த்துவரச் சொல்லுங்கள், திங்கட்கிழமை கை தூக்க அடித்துக்கொள்வார்கள்.

இந்த வளையம் பிறந்தது கத்தோலிக்கக் கோவிலில் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் தொணதொணத்ததால், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரியும் மற்ற நாள்களுக்குச் சின்னதும் வைத்து நாளுக்கொன்றாக ஏற்றினார். சி.எஸ்.ஐ. பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்களே, அவர்கள் காதில் விழும்படி இதைச் சொல்லுங்கள். மழலையர் வகுப்பில் மட்டும் பேட்டரி மெழுகுதிரி. பேப்பர் தோரணமும் தீயும் ஒரே அறையில் வேண்டாம்.

5. நற்செய்தியை நீங்கள் வாசித்துவிட்டு வாருங்கள். படத்தையும் வீடியோவையும் நம்பி வகுப்பு எடுக்காதீர்கள். லூக்காவின் முதல் இரண்டு அதிகாரம், மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரம், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இடையர்களும் தீவனத் தொட்டியும் லூக்காவில், விண்மீனும் ஞானிகளும் ஏரோதும் மத்தேயுவில். மத்தேயுவில் ஞானிகள் பிள்ளையைப் பார்ப்பது ஒரு வீட்டில். அவர்கள் அரசர்கள் என்றோ மூன்று பேர் என்றோ அங்கே இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. மரியா கழுதை மேல் போனதாக எந்த நற்செய்தியிலும் கிடையாது. கதவைச் சாத்தும் சத்திரக்காரனும் கிடையாது, விடுதியில் இடம் இல்லை என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார்.

ஆறாம் வகுப்புக்கு மேல் இதை ஒரு தேடல் விளையாட்டாகவே கொடுக்கலாம். நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் லூக்கா, அந்தப் பக்கம் மத்தேயு. இரண்டிலும் வராததை அடியில் எழுதட்டும். தேர்வுக்குப் படிக்கும் மூளைகளுக்கு இது கொண்டாட்டம். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். "அப்ப குடில்ல இருக்கறதெல்லாம் பொய்யா டீச்சர்?" என்று அடுத்த கேள்வி வரும். எசாயா முதல் அதிகாரம், மூன்றாம் வசனத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மாடும் கழுதையும் தங்கள் உடையவனை அறியும், என் மக்களுக்கோ அறிவில்லை என்று கடவுள் வருந்தும் இடம் அது. அந்த வசனத்தை நினைத்துத்தான் பழைய கிறிஸ்தவர்கள் அந்த இரண்டையும் தொட்டியருகே நிறுத்தினார்கள். இது தெரிந்த பிறகு பிள்ளை அந்த மண் மாட்டை வேறு கண்ணால் பார்க்கும்.

டிசம்பர் 25 சரியான தேதியா என்றும் கேட்பார்கள். வேதாகமத்தில் தேதி இல்லை, நான்காம் நூற்றாண்டில் ரோமில் அந்த நாளில் கொண்டாடியதற்குச் சான்று இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அடுத்த கேள்வியை உங்களிடம் கேட்க மாட்டார்கள், போனில் கேட்பார்கள்.

6. நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது மனசாட்சியோடு எடுங்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆண்டுதோறும், பள்ளிதோறும், மரியாவுக்கும் வானதூதருக்கும் வெள்ளையாக இருக்கும் பிள்ளைகள். இடையனுக்கும் ஏரோதின் சிப்பாய்க்கும் கறுத்த பிள்ளைகள். ஸ்டாஃப் ரூமில் யாரும் வாய்விட்டு இப்படிச் சொல்வதில்லை, 'ஃபேஸ் கட் நல்லா இருக்கு' என்பார்கள். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைக்கிறீர்களா? அரை டப்பா பவுடரை முகத்தில் அப்பிக்கொண்டு செலக்‌ஷனுக்கு வந்து நின்ற ஏழாம் வகுப்புப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். காதோரம் வியர்வை வழிந்த கோட்டில் மட்டும் அவளுடைய நிறம் தெரிந்தது. நாசரேத்து கலிலேயாவில் ஒரு பட்டிக்காடு. மரியா வெயிலில் தண்ணீர் சுமந்த ஊர்ப்பெண்.

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வசனம் சொல்ல வராத பிள்ளைக்கு மரியா விழுந்தால் இன்னும் நல்லது, மரியாவுக்கு வசனம் குறைவு. யோசேப்புக்கு நற்செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. வீரமாமுனிவர் அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தேம்பாவணியில் 3,615 பாட்டு பாடியிருக்கிறார் என்று தமிழாசிரியரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யோசேப்பு வேஷம் விழுந்தவன் முகம் மாறும்.

7. டிசம்பர் 8-ஐ நீங்கள் முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அமல உற்பவம் என்பது இயேசு மரியாவின் வயிற்றில் கருவானது இல்லை. மரியா தன் தாய் அன்னாவின் வயிற்றில் பாவ மாசின்றி உருவானது. 1854-இல் ஒன்பதாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். மாதக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. டிசம்பர் 8-லிருந்து ஒன்பது மாதம், செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணித் திருவிழா தெரியாத பிள்ளை உண்டா? மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். அங்கிருந்து ஒன்பது மாதம், டிசம்பர் 25.

8. வகுப்பில் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் இருப்பார்கள். பல பள்ளிகளில் அவர்கள்தான் அதிகம். மறைக்கல்வி நேரத்தில் அவர்களுக்கு நன்னெறி வகுப்பு தனியாக உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் பாடத்தில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை.

ஆனால் விழா எல்லோருக்குமானது. குடில் கட்ட மண் சுமப்பதிலும், நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவுவதிலும், கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளிப்பதிலும் மதம் பார்க்க ஒன்றும் இல்லை. அவர்களை விருந்தாளியாக ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். ஒருமுறை எட்டாம் வகுப்பில், கபிரியேல் மரியாவிடம் வந்ததைப் பற்றி அசெம்பிளியில் பேசி முடித்தபின், ஓர் இஸ்லாமிய மாணவி வந்து, "எங்க குர்ஆன்லயும் மர்யம் இருக்காங்க டீச்சர், ஒரு அத்தியாயமே அவங்க பேர்ல இருக்கு" என்றாள். பத்தொன்பதாவது அத்தியாயம். மறுநாள் அசெம்பிளியில் அவளையே பேசச் சொன்னோம். ஈசா பிறந்தது ஒரு பேரீச்சை மரத்தடியில் என்று அவள் சொன்னபோது கத்தோலிக்கப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

9. கிறிஸ்துமஸ் தாத்தாவோடு சண்டை போடாதீர்கள். டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாள். நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயர், வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்பைப் போட்டதாக மரபுக்கதை. வரதட்சணை என்றால் நம் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. அதைச் சொல்லிவிட்டால் தாத்தா தன் இடத்துக்குப் போய்விடுவார்.

10. நல்ல செயல் ஒன்றுக்கு ஒரு வைக்கோல் என்று பாலனின் தொட்டியை நிரப்பச் சொல்லும் பழக்கம் நல்லது. அதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் நாளே, "நான் பன்னிரண்டு போட்டேன், நீ நாலுதான்" என்று போட்டி வந்துவிடும். எண்ணாதீர்கள், பேர் எழுதாதீர்கள், பரிசு அறிவிக்காதீர்கள். வைக்கோல் கட்டை வகுப்பு வாசலில் வைத்துவிடுங்கள், இன்டர்வெல்லில் யார் போடுகிறார்கள் என்று பார்க்கவும் வேண்டாம்.

'கிறிஸ் மா, கிறிஸ் சைல்ட்' என்று சீட்டு எடுத்து ரகசிய நண்பராக இருக்கும் விளையாட்டுக்கும் இதேதான். கடையில் வாங்கிய பரிசு கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுக்கலாம், தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைக்கலாம். இல்லாவிட்டால் ஒருத்திக்கு வாட்ச், இன்னொருத்திக்கு ஒரு ரூபாய் மிட்டாய் என்றாகி, விழா அன்று பாத்ரூமில் அழுகை.

11. புது டிரஸ் எடுத்தாச்சா, வீட்டில் என்ன பலகாரம் என்று வகுப்பில் கேட்காதீர்கள். லீவுக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

12. "கன்னி மரியான்னா என்ன டீச்சர்?" நிச்சயம் வரும். மூன்றாம் வகுப்பில் வரும், வெகுளியாக. ஒன்பதாம் வகுப்பில் வரும், நமுட்டுச் சிரிப்போடு. இரண்டு இடத்திலும் முகம் சிவக்காதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். சின்னவர்களுக்கு, மரியா இன்னும் யோசேப்போடு வாழ வராத இளம்பெண், குழந்தை கடவுளின் வல்லமையால் வந்தது என்றால் போதும். பெரியவர்களிடம் நிச்சயதார்த்தம் ஆன பெண் கருவுற்றால் அந்த ஊரில் என்ன நடந்திருக்கும், யோசேப்பு என்ன செய்ய நினைத்தார் என்று மத்தேயுவைத் திறந்து கேளுங்கள். அவளை ஊர்வாயில் மாட்டிவிடாமல் மறைவாக விலக்கிவிட நினைத்தார் என்று வாசிக்கும்போது சிரிப்பு தானாக அடங்கும். ஊர்வாய் என்னவென்று பதினான்கு வயதுக்குத் தெரியும்.

13. ஜனவரியைக் கைவிடாதீர்கள். நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. பள்ளி திறந்ததும் மூன்றாம் பருவப் பாடத்துக்கு ஓடிவிடுகிறோம். ஆனால் கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25-இல் தொடங்கித்தான் இருக்கிறது, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீளும். நம் நாட்டில் திருக்காட்சிப் பெருவிழா ஜனவரி முதல் ஞாயிறுகளில் ஒன்றில் வரும். பள்ளி திறக்கும் வாரமும் பெரும்பாலும் அதை ஒட்டியேதான். ஆகவே ஞானிகள் பாடத்தை டிசம்பரில் தொடவே தொடாமல் இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். விழா நாடகத்திலோ தேடல் விளையாட்டிலோ அவர்கள் வந்துபோனாலும் பரவாயில்லை.

பள்ளி திறந்தபின் வரும் முதல் மறைக்கல்வி பீரியடில் பாலன் சுரூபத்தைப் பிள்ளைகளே தொட்டியில் வைக்கட்டும். ஞானிகளின் சுரூபங்களை வகுப்பின் கடைசி ஜன்னலில் வைத்து, நாளுக்கு ஒரு பெஞ்சாக முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாளையும் அப்போது சேர்த்து எடுங்கள். பெத்லகேமிலிருந்து எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றி ஏழாம், எட்டாம் வகுப்பில் பேசலாம். சின்னவர்களுக்கு ஏரோதின் கொலைகளை விவரிக்க வேண்டாம், ஓடிப் பிழைத்தார்கள் என்பது போதும். கடலோரத்தில் டிசம்பர் 26-ஐயும் மறக்காதீர்கள். 2004-இல் சுனாமி வந்தது திருக்குடும்பத் திருநாளான ஞாயிற்றுக்கிழமை. இன்றைய பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கு அம்மாவோடு போய்வந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். பேச வந்தால் பேசவிடுங்கள்.

குடிலைக் கலைக்கும்போது சுரூபங்களைப் பழைய வேட்டித்துணியில் சுற்றி, எண்ணி, எது உடைந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். நவம்பரில் தேடும்போது ஒட்டகத்துக்குக் கால் இருக்காது, கடைக்காரர் தனியாக ஒட்டகம் தரமாட்டார்.